ஆள் உள்ளே

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு சட்டம் உண்டு. குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு பூட்டைப் போட்டு, ‘ஆள் உள்ளே’ என்று எழுதிய தகட்டை அதில் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மாடியில் காத்திருப்பவர்கள் குய்யோ முறையோ என்று கத்தட்டும், முதலாளியே வந்து நிற்கட்டும், வேறொருத்தன் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், சாப்பிடுகிற நேரத்தில் சொல்லக்கூடிய விஷயமில்லை.

நம்ம ஆள் இந்தச் சட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் காப்பாற்றுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பூட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியும் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால்தான், அக்காவும் அவரும் சேர்ந்து குடும்ப மரம் போட ஆரம்பித்தபோது அதே சட்டத்தை அங்கேயும் கொண்டுவந்தார்.

அக்கா வேறு ஊரில் இருந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு ஒண்டிக்கட்டை. பொழுது போகட்டும் என்று பூட்டுக்காரர்தான் அந்த மென்பொருளை அவள் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு பெட்டி. அதில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், போட்டோ, கீழே குறிப்பு எழுத இடம். கோப்பு கிளவுட்டில் இருக்கும். இவர் கம்ப்யூட்டரில் ஒரு பெரியப்பாவைச் சேர்த்தால் அங்கே போய் நிற்பார், அங்கே அவள் ஒரு தேதியைத் திருத்தினால் இங்கே திருந்திவிடும்.

ஒரே ஒரு வில்லங்கம். அது ஒருத்தர் கைக்கென்று செய்த மென்பொருள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால், முதலில் யாருடையது மேலே ஏறுகிறதோ அது நிற்கும். பிந்தி வந்தது ‘மோதல் நகல்’ என்ற பெயரில் ஓரமாக இன்னொரு கோப்பாய்க் கிடக்கும். ஆகவே சட்டம்: திறப்பதற்கு முன்னால் போனில் ‘ஆள் உள்ளே’ என்று செய்தி அனுப்ப வேண்டும். மூடிய பிறகு ‘ஆள் வெளியே’. நடுவில் மற்றவர் கிட்டேயே போகக் கூடாது.

“மரத்துல ஏறவும் உன்கிட்ட பர்மிஷனாடா?” என்று அக்கா சிரித்தாள். ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அவளுக்கு மோவாயில் ஒரு குழி உண்டு, சிரித்தால் இன்னும் ஆழமாகும். மரம் பெரிதாகப் பெரிதாக, “இத்தனை கிளை இருக்கு, வெயிலுக்கு ஒதுங்க ஒரு நிழல் இல்லடா” என்பாள். அவளுடைய பெட்டிக்கும் அத்தானுடைய பெட்டிக்கும் கீழே மட்டும் கோடு இறங்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு.

தாத்தாவின் பெட்டிக்கு வந்தபோது ஒரு பேச்சு எழுந்தது. தாத்தாவுக்குப் பிறந்து தங்காமல் போன குழந்தைகள் நிறைய. அதையெல்லாம் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். பூட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், “பேர் வெச்சவங்களை மட்டும் போடுவோம்க்கா. இல்லாட்டி இது மரமா இருக்காது, காடாயிடும்” என்றார். அக்கா சரி என்றாள். அந்தச் ‘சரி’யில் சுரத்தே இல்லாததை அவர் கவனிக்கவில்லை. நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாள். காலையிலேயே அக்காவிடமிருந்து ‘ஆள் உள்ளே’ வந்தது. மதியம் ஆயிற்று, ‘ஆள் வெளியே’ வரவில்லை. சித்தப்பா மகன் தன் பேத்தியின் முதல் போட்டோவை அனுப்பியிருந்தான். அதை மரத்தில் ஒட்டிவிட இவருக்குக் கை துறுதுறுத்தது. அக்காவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. திறந்து போட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள் என்று நினைத்தார். ஒரு போட்டோதானே, ஒரு நிமிஷ வேலை. ஆனைக்கும் அடி சறுக்கும். திறந்தார், ஒட்டினார், சேமித்தார், மூடினார்.

சாயங்காலம் ‘ஆள் வெளியே’ வந்தது. பார்த்தால் கோப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று: மோதல் நகல். அவருக்குத் திக்கென்றது. அக்கா பார்த்தால் கிழிகிழியென்று கிழிப்பாள், ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவன் நீயே மீறினாயா என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள். தூங்கினவள் என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறாள்? திறந்துகூடப் பார்க்காமல் அதை அழித்தார். சுத்தபத்தமான மனுஷன் இல்லையா, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

அன்றோடு அக்காவின் செய்திகள் நின்றன. முதலில் உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தார். கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வரி. கூப்பிட்டால் வேலையாக இருக்கிறாளாம். தனியாக இருக்கிறவளுக்கு என்ன தலைபோகிற வேலை? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் எடுக்கும்வரை விடாமல் அடித்தார்.

“என்னக்கா, ஆளையே காணோம்? மரத்தை விட்டுட்டியா?”

“உன் மரம். நீ பாத்துக்கோ.”

“என் மரமா? எப்ப இருந்து?”

“பேர் வெச்சவங்களை மட்டும்தானே போடணும்னே? வெச்சேன்டா. வெச்சுட்டுத்தான் போட்டேன். அதையும் எடுத்துட்டே.”

“எதைக்கா எடுத்தேன்?”



“என் பொண்ணை.”

பூட்டுக்காரர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். அவள் உள்ளே இருக்கும்போதே தான் திறந்தது, மோதல் நகல் வந்தது, அவள் திட்டுவாளே என்று பயந்து பார்க்காமலே அழித்தது. “சத்தியமா நான் பாக்கலக்கா. பாத்திருந்தா கையை வெட்டிக்கிட்டிருப்பேன்.”

அக்கா நம்பினாள் என்றுதான் தோன்றியது. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

“முப்பது வருஷமா நான் வாயால சொல்லாத பேருடா அது. உங்க அத்தான்கிட்டகூடச் சொன்னதில்ல. அன்னைக்குக் காலையில உட்கார்ந்தவ, ஒவ்வொரு எழுத்தா அடிச்சு, அழிச்சு, மறுபடி அடிச்சு, சாயங்காலம்தான் முடிச்சேன். மறுநாள் ஆசையாத் திறந்தா, யாரோ ஒரு பாப்பா போட்டோ இருக்கு. என்னோடது இல்ல.”

“இப்ப சொல்லுக்கா. நான் அடிச்சிடறேன்.”

“வாய் வராதுடா. ஒரு தடவைதான் கை வந்துச்சு. இனிமே அதுவும் வராது.” வைத்துவிட்டாள்.

கிளவுட் நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தார். வருந்துகிறோம், காலி செய்த குப்பையை மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. அவர்கள் வருந்தி யாருக்கு என்ன லாபம்? அக்காவின் பெட்டிக்குக் கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது, அதை இவர் துடைத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். கூட இருந்தவன் உலுக்கித்தான் நடப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வீட்டுக்காரி ரெண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் முன்னால் வந்து உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். “அந்தக் குழந்தையை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். அடக்கம் பண்ண நான்தான் தூக்கிட்டுப் போனேன். அத்தானால வாங்கிப் பிடிக்க முடியல.”

“அண்ணி பாத்தாங்களா?”

“காட்டல. பாத்தா மனசு விட்டுடுவா, பேச்சே எடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. நானும் எடுக்கல.”

“யார் சொன்னாங்க?”

“எல்லாரும்தான். பெரியவங்க.”

“உங்க மரத்தைத் திறந்து பாருங்க. அந்தப் பெரியவங்கள்ல இன்னைக்கு யார் உசிரோட இருக்காங்க?”

பாவி, எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவள். அவர் மனசுக்குள்ளேயே ஒவ்வொரு பெட்டியாகப் போய் வந்தார். எல்லாப் பெட்டியிலும் இரண்டாவது தேதி விழுந்திருந்தது. இன்னும் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொன்னார். அக்காவுக்கு ‘ஆள் உள்ளே’ என்று அனுப்பிவிட்டுக் கோப்பைத் திறந்தார். அக்காவுக்கும் அத்தானுக்கும் கீழே ஒரு பெட்டி போட்டார். கோடு தானாக இறங்கி வந்து நின்றது. பெயர் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டார். பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றுதான், அதைப் போட்டார். பிறகு குறிப்புக்குப் போய் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். ஸ்பானர் பிடிக்கிற விரல், ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டுத் தடுமாறியது.

‘அக்கா, இதை நான் எப்பவோ சொல்லியிருக்கணும். இவளை வெள்ளைத் துணியில சுத்திக் கொடுத்தாங்க. நான்தான் வாங்கினேன். வழியெல்லாம் மடியிலதான் வெச்சிருந்தேன், ஒரு இடத்துலகூடக் கீழ வைக்கல. அத்தான் என் தோள்ல தலையைச் சாய்ச்சு அழுதுட்டே வந்தார். இவளுக்குத் தலை நிறைய முடி. நெத்தியில விழுந்துச்சு, நான் ஒதுக்கி விட்டேன். தூங்கற குழந்தை மாதிரிதான் இருந்தா. தனியா போகல அக்கா. தாய்மாமன் மடியிலதான் போனா.’

சேமித்தார். மேலே ஏறிவிட்டதற்கான பச்சை டிக் விழும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன்பிறகுதான் மூடினார், ‘ஆள் வெளியே’ என்று அனுப்பினார். கூடவே இன்னொரு வரி: ‘பெட்டி போட்டு வெச்சிருக்கேன். பேரை நீயே போடு. எத்தனை நாள் ஆனாலும் சரி.’

நாட்கள் போயின. பதில் இல்லை. புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று போனை எடுப்பார், பார்ப்பார், வைப்பார்.

ஒரு காலை, புதுக் கட்டடம் ஒன்றில் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பைக்குள் போன் அதிர்ந்தது. அக்கா. ‘ஆள் உள்ளே.’

அன்று அவர் எப்படி வேலை செய்தார் என்பது அவருக்கே வெளிச்சம். வீட்டுக்கு வந்தும் கம்ப்யூட்டர் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரி அந்த அறைக்குள் பெருக்கப் போனாள், அதற்கும் வேண்டாம் என்று கத்தினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செய்தி வந்தது. ‘ஆள் வெளியே.’

‘ஆள் உள்ளே’ என்று அனுப்பிவிட்டுத் திறந்தார்.

பெயர் இருந்தது. மூன்றே எழுத்து. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அவளே வாயால் சொல்லாத பெயரை இவர் எப்படிச் சொல்வார்? கண்ணால் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு குறிப்புக்குப் போனார். அவர் எழுதியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அக்கா ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

‘ஜாடை யாருடா?’

 முப்பது வருஷமாக அவளுக்கு இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. பதில் தெரிந்தவன் ஒருத்தன், ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் அவள் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறந்துபோயிருக்கும் என்று பயந்தார். மறக்கவில்லை. துணியை விலக்கிப் பார்த்த அந்த நிமிஷம், மடியின் பாரம், எல்லாம் அப்படியே இருந்தது. அழுதுகொண்டேதான் அடித்தார்.

‘நீதான் அக்கா. மோவாயில குழிகூட இருந்துச்சு. உன்னை உரிச்சு வெச்ச மாதிரி இருந்தா.’

சேமித்தார். பச்சை டிக் விழுந்தது. ‘ஆள் வெளியே’ என்று அனுப்பப் போனை எடுத்தவர், அனுப்பாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.