பதினேழு தட்டல்

வந்திருந்தவர்கள்: பெர்லின் யோஹான். லிஸ்பன் இனெஸ். நகரி பிரமிளா. பார்வையாளர்கள் முப்பத்தொரு பேர். வெளியே, எல்லாருடைய செல்போன்களோடும் சித்தூர் தரணி. உள்ளே கதவோரம் சாவியோடு சலீம். அவன் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. பிரமிளாதான் கடைசியில் சேர்த்தாள்.

இடம் சித்தூருக்கு வெளியே, சீசன் முடிந்து மூடிக்கிடந்த மாங்கூழ் ஃபேக்டரி. புளித்த மாம்பழ வாடை சிமென்டிலேயே ஊறியிருந்தது. இரும்புக் கதவு காலை பத்துக்கு மூடினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கும்.

பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. ‘ஷிப்ட்’ என்ற இந்த நிகழ்ச்சி பிரமிளாவின் யோசனை. பவர்லூம் ஷெட்டில் தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. நூல் அறுந்தது, டீ வந்தது, ஓனர் வருகிறான், எல்லாவற்றுக்கும் கைஜாடைதான். அந்த ஜாடைகளைத் தறியில்லாமல், வாய் திறக்காமல் எட்டு மணி நேரம் செய்ய வேண்டும். சட்டம் மட்டும் யோஹான் போட்டது. நடுவில் வெளியே போனவருக்குக் கதவு திறக்காது. நிகழ்ச்சியில் பெயரும் கிடையாது, உரிமையும் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் திருப்பதியில், ஒரு கல்யாண மண்டபத்தில் முதல்முறை நடந்தது. ஆறாவது மணி நேரத்தில் ஆபீஸ் ரூமுக்கு போன் வந்தது. அவள் அப்பா, நைனா, தறி ஷெட்டில் விழுந்துவிட்டார். பிரமிளா ஓடிப்போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. பை உள்ளே, பணம் உள்ளே. பதினேழு தடவை தட்டினாள். சட்டம் சட்டம்தான் என்று உள்ளே இருந்தவர்கள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மண்டப மேனேஜர் கொடுத்த இருநூறு ரூபாயில் பஸ் ஏறினாள். நகரி போய்ச் சேர்ந்தபோது நைனாவுக்குக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தத் தட்டலை உள்ளேயிருந்த மைக் பிடித்துவைத்திருந்தது. யோஹான் அதை எடுத்து நிகழ்ச்சியின் பின்னணிச் சத்தமாக்கினான். ‘ஒரு பெண்ணின் தட்டல்’ என்று பேர் வைத்தான். பெர்லினில் ஓடியது, சியோலில் ஓடியது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்களாம்.

இப்போது லிஸ்பன் விழாக்காரர்கள், நகரிப் பெண் இல்லாமல் ‘ஷிப்ட்’ வேண்டாம் என்றுவிட்டார்கள். யோஹான் மூன்று தடவை நகரிக்கு வந்து கேட்டான். பிரமிளா ஒரே நிபந்தனை வைத்தாள். முதலில் இங்கே ஒருமுறை நடக்கட்டும். அதே சட்டம், ஆனால் எழுத்தில். கடைசிவரை உள்ளே இருப்பவர்களுக்கே நிகழ்ச்சியும் ஒலிப்பதிவும் சொந்தம். தன் சட்டத்தை அவளும் ஏற்றுக்கொண்டாள் என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டான்.

அந்த ஒலிப்பதிவை வாங்கி அழிக்க வேண்டும். அது பிரமிளாவின் ஆசையில் பாதி. மீதிக்காகக் காலையிலேயே கதவில் ஒரு மைக் ஒட்டவைத்திருந்தாள்.

சலீம் நைனாவின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவன். மைக்கைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“யக்கா, அவுரு தட்டினா?”

“தட்டட்டும். நீ எண்ணிக்கினே இரு.”

“பதினேழு ஆச்சுன்னா தொறக்கவா?”

“எனுக்குத் தொறந்தாங்களா?”

அவன் தலையைச் சொறிந்தான். “வெள்ளத் தோலுக்கா. இந்த வெயில்ல நின்னா எறா மாதிரி செவந்துடுவாரு.”

“செவக்கட்டும். யாரு துன்னப் போறா.”

லிஸ்பனில் விழா ஆபீஸ் திறந்ததும் இறுதி முடிவு சொல்ல யோஹானுக்குப் போன் வரும் என்று இனெஸ் சொல்லியிருந்தாள். தரணிக்கு அதற்குமேல் எதுவும் தெரியாது. போன் வந்தால் ஜன்னலில் காட்டு, பாவம் காத்துக்கொண்டிருப்பார் என்று பிரமிளா சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டரை மணிக்கு தரணி ஜன்னலில் யோஹானின் போனைத் தூக்கிக் காட்டினான்.

யோஹான் கை நின்றது. முப்பத்தொரு பேரையும் ஒருமுறை பார்த்தான். சட்டம் போட்டவனுக்கு ஏது சட்டம்? கதவுக்கு வந்து சலீமிடம் ஐந்து விரலை விரித்தான். ஐந்து நிமிஷம். சலீம் பிரமிளாவைப் பார்த்தான். இனெஸும் பார்த்தாள். பார்த்துவிட்டு, டீ வந்தாச்சு ஜாடையை விடாமல் செய்துகொண்டிருந்தாள்.

பிரமிளா முஷ்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஷெட்டில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: மெயினை அணை, ஷட்டரை இறக்கிப் பூட்டு. யோஹான் அந்த ஜாடையோடு எத்தனையோ ஊர் போஸ்டரில் நின்றவன். என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் சிரித்தபடி அதையே அவளுக்குத் திருப்பிச் செய்துவிட்டு வெளியே போனான்.

சலீம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து, பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினான்.