மிச்சமிருந்த நாலு வினாடி

பழைய அரங்கத்துக்குப் பதினொரு வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் போயிருக்கிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் எங்கள் அணி எறிந்த ஒரு பந்தாவது வளையத்துக்குள் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. இதைச் சொன்னால் என் மகளே நம்ப மாட்டாள். "அப்போ எதுக்குப்பா போனீங்க, தூங்கவா?" என்று கேட்பாள்.

எண்ணுவதற்குப் போனேன்.

கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு வளையத்துக்கு மேலேயும் கடிகாரம் இருக்க வேண்டும். எங்கள் அரங்கத்தில் ஒரு பக்கத்துக் கடிகாரம் நான் போக ஆரம்பிப்பதற்கு முன்பே செத்துவிட்டது. சீக்கிரம் சரிசெய்கிறோம் என்றார்கள். பதினொரு வருஷமும் அதையேதான் சொன்னார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் அந்தச் செத்த கடிகாரத்தின் பக்கம்தான் பந்தை எறிய வேண்டும். ஓடுகிற கடிகாரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். பந்து கைக்கு வந்ததும் இத்தனை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பது விதி. எத்தனை மிச்சம் என்று திரும்பிப் பார்த்தால் பந்தை எதிராளி தட்டிக்கொண்டு போய்விடுவான்.

நான் செத்த கடிகாரத்துக்குக் கீழே, மூன்றாவது தூணை ஒட்டி உட்காருவேன். அங்கிருந்து எதிர்க்கோடியில் இருந்த கடிகாரம் பளிச்சென்று தெரியும். போன முதல் ஆட்டத்திலேயே பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "அஞ்சு! நாலு! மூணு!" பந்தோடு தடுமாறிக்கொண்டிருந்தவன் நான் "ஒண்ணு" என்றதும் எறிந்தான். அரங்கமே எழுந்து குதித்தது. அடுத்த ஆட்டத்தில் அவர்களே என் குரலுக்குக் காத்திருந்து எறிந்தார்கள். அதன்பிறகு எனக்குக் கடியாரம் என்று பெயர் வந்தது. எண்ணுகிறவன் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. பந்து எங்கே போகிறது என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை.

மருத்துவமனையிலும் எனக்கு அதே பிழைப்புதான். எக்ஸ்-ரே எடுப்பவன். தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பேன். சொன்னபடி செய்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே என்னைத் தாண்டிப் போனாலும் அடையாளம் தெரியாது. அரங்கத்திலும் ஆட்டக்காரர்களுக்கு நான் தூணின் நிழலிலிருந்து வரும் ஒரு குரல்தான். ஆனால் அங்கே அந்தக் குரல் இல்லாமல் முடியாது என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் அப்படி இருந்தால் போதும், மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

அது ஒன்றும் பிரமாதமான அணி இல்லை. நடுவில் ஆடிய நெட்டையர் பகலில் தபால் பிரிப்பவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முதல் வரிசையில் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். ஒரு தடவை வாங்கிய புண்ணியவான் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு வந்து, அதே ஆளைத் தேடிப்பிடித்து மறுபடியும் அவரிடமே கொடுத்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்கோடு மட்டும்தான். கழிவறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழசையெல்லாம் தங்கம் என்கிறேன் என்று நினைப்பீர்கள்.

அந்த அணியில் நல்ல ஆட்டக்காரன் என்றால் ஏழாம் நம்பர் ஒருவன்தான். இருபத்துநாலு வயது. கடைசிப் பந்து எப்போதும் அவன் கைக்குத்தான் வரும். நான் "ஒண்ணு" சொல்லும் வரை கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பான்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கோப்பைக்கான இறுதி ஆட்டம் எங்கள் அரங்கத்திலேயே நடந்தது. கடைசி நிமிஷத்தில் இரண்டு அணியும் சமம். பந்து ஏழாம் நம்பரிடம். அந்தப் பந்தோடு ஆட்டமே முடிகிறது. கடைசி வினாடியில் எறிந்தால் போதும். விழுந்தால் கோப்பை. விழாவிட்டாலும் கூடுதல் நேரம் கிடைக்கும், நஷ்டமில்லை. "பத்து" என்று ஆரம்பித்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. பதினொரு வருஷமாக எண்ணுகிறோமே, இந்த ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று. எண்ணத்தான் தெரியுமே, கடிகாரம் எதற்கு? கண்ணை எடுத்துவிட்டேன். அவனைப் பார்த்துக்கொண்டே மனக்கணக்கில் எண்ணினேன். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதன் வேகத்துக்கு வாயும் ஓடியிருக்கிறது. நான் "ஒண்ணு" என்றதும் அவன் எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் எறிந்தபோது நாலு இருந்திருக்கிறது.

அந்த மிச்ச நேரம் எதிரணிக்குப் போதுமானதாக இருந்தது. பந்தை எடுத்தார்கள், ஓடினார்கள், போட்டார்கள். கண்ணால் பார்க்க ஆசைப்பட்டவனுக்கு, உள்ளே விழுந்து பார்க்கக் கிடைத்தது அவர்கள் பந்துதான்.

மறுநாள் பத்திரிகையில் ஒற்றை வார்த்தையில் தலைப்பு: "அவசரம்!" அதுவே அவன் பெயராகிவிட்டது. சலூனில், பஸ்ஸில், எங்கள் மருத்துவமனை வரிசையில்கூட அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நாலு வினாடி பொறுக்கமாட்டாதவன் எதற்கு விளையாட வந்தான் என்றார்கள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "மூச்ச இழுங்க, பிடிங்க." யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தின் சத்தத்தில் நான் முந்தி எண்ணியதை என் பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை. கேட்டது அவன் ஒருவனுக்குத்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் நான் போகவில்லை. தொண்டையில் கோளாறு, டாக்டர் கத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். என் மனைவி அதை நம்பி மாதக்கணக்கில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் போய் நாலு வருஷமாகிறது. இப்போது வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாததால் தொண்டைக்கு நல்ல ஓய்வு.

போன மாதம் வேறு ஊரிலிருக்கும் மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க பழைய டீம்காரங்க எல்லாரையும் புது அரங்கத்துக்குக் கூப்பிடறாங்களாம். உங்களுக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஆட்டத்துக்கு முன்னாடி அவங்களப் பாத்துப் பேசலாமாம்."

"யாரெல்லாம் வர்றாங்க?"

"அவசரம்னு ஒருத்தர் இருந்தாராமே, அவர்தான் முக்கியமாம். அன்னைக்குத் தவறவிட்ட அதே எடத்துலேர்ந்து மறுபடியும் பந்து போடப் போறாராம். செம ஐடியால்ல?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனாலும் போவது என்று முடிவு செய்தேன். நேரில் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது என்று. அதைச் சொல்லாமல் நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் அது என்னோடு சேர்ந்து எரிந்துபோகும், அவன் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

புது அரங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாற்காலிக்கு மெத்தை, கழிவறையில் வாசனை. இப்போதைய பிள்ளைகள் பறக்கிறார்கள், எங்கள் ஆட்கள் இவர்கள் பக்கத்தில்கூட நிற்க முடியாது. எங்கு திரும்பினாலும் கடிகாரம், எண்ணுவதற்கு எந்தக் கிறுக்கனும் தேவையில்லை. எப்போது கைதட்ட வேண்டும் என்பதையும் திரையே சொல்லிவிடுகிறது. பதினாறாயிரம் பேர் உட்காரலாமாம். அதில் ஒருவன் வராவிட்டால் யாருக்குத் தெரியும்?

சந்திப்புக்கு நீளமான வரிசை. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் போனில் நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு ஆளுக்கு முப்பது செகண்ட் சார். கையெழுத்து, ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அவன் என்று இனிமேல் சொல்ல முடியாது. ஐம்பத்தைந்து வயது, முன்வழுக்கை, முழங்காலில் பட்டை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"பேரு என்னன்னு போடட்டும் சார்?"

கண்ணாடி முன்னால் சொன்ன வாக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் இருந்தவர் கனைத்தார்.

"பத்து செகண்ட் சார்" என்றாள் அந்தப் பெண்.

என் வாயிலிருந்து அதுதான் வந்தது. "அஞ்சு. நாலு. மூணு." முப்பத்தொரு வருஷம் பூட்டிவைத்த குரல், கரகரத்துப் போயிருந்தது.

பேனா நின்றுவிட்டது. அவர் உடனே தலையைத் தூக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது தூணு" என்றார்.

"ஆமா. அன்னைக்கு நான் கடியாரத்தப் பாக்கல. உங்களப் பாத்துட்டேன். வேகமா எண்ணிட்டேன். தப்பு என்னோடது."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"எறியத் திரும்பும்போது அந்தக் கோடி கண்ணுல பட்டுச்சு. நாலு இருந்துச்சு. நீங்க ஒண்ணுன்னீங்க. நாலு வருஷத்துல நீங்க ஒரு தடவகூடத் தப்பா சொன்னதில்ல. கடியாரந்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"சார், டைம் முடிஞ்சுது" என்று அந்தப் பெண் வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களத் தொரத்திருப்பாங்க. அப்புறம் எனக்கு யாரு எண்ணுவா?" சிரித்தார். அது அந்த எல்லோருக்குமான சிரிப்பு இல்லை. "அடுத்த வருஷம் ஆறு ஆட்டந்தான் ஆடினேன். அந்தப் பக்கம் போனாலே காது உங்களத் தேடும். திட்டுற சத்தந்தான் வந்துச்சு. தப்பா எண்ணினதக்கூட விடுங்கண்ணே. அதோட நிறுத்திட்டீங்களே."

அதற்குள் அடுத்த ஆள் மேஜைக்கு வந்துவிட்டார். பெயர் எழுதாத கையெழுத்தோடு நான் வெளியே வந்தேன். நான் சொல்லப் போன தப்பு ஒன்று. செய்த தப்பு வேறு என்று படியேறும்போதுதான் உறைத்தது. அவருக்கு யாருமே இல்லாமல் இருந்த அந்த ஆறு ஆட்டத்திலும் நான் வீட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் இருக்கை உச்சியில். பக்கத்தில் அணியின் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார். இடைவேளையில் விளக்குகள் அணைந்து ஒரே ஒரு வெளிச்சம் விழுந்தது. ஒலிபெருக்கியில் ஒருவன், "அன்னைக்கு அவசரப்பட்டாரு, இன்னைக்கு என்ன செய்யப் போறாரு? உங்களுக்குப் பத்து செகண்ட்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பந்தோடு அந்த வெளிச்சத்தில் வந்து நின்றார். இங்கிருந்து பார்க்கச் சுண்டுவிரல் உயரம்தான் இருந்தார்.

இசை காதைப் பிளந்தது. திரையில் பத்து வந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"சார், உக்காருங்க, மறைக்குது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பத்து!" என்றேன். குரல் எனக்கு முன்வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது. பதினாறாயிரம் பேரும் அந்த இசையும் ஒரு பக்கம், என் கிழட்டுத் தொண்டை ஒரு பக்கம். ஆனாலும் விடவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு. கண்ணைக் கடிகாரத்தை விட்டு எடுக்கவில்லை. கீழே பார்க்க வேண்டும் என்று மனசு கெஞ்சியது. மூன்று, இரண்டு. அடிவயிற்றிலிருந்து இழுத்து "ஒண்ணு!" என்றேன். மணி அடித்தது. கூட்டத்திலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. அதை வைத்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தேன்.

"உள்ள போச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நின்னுக்கிட்டுத்தானே இருந்தீங்க? பாக்கலயா?"

"இல்ல. எண்ணிக்கிட்டிருந்தேன்."

"போகல சார், வளையத்துல பட்டு வந்துடுச்சு." சோளப்பொரியை என் பக்கம் நீட்டினார். "ஆனா அவருக்குப் போய் அவசரம்னு பேர் வெச்சிருக்காங்க பாருங்க. இவ்வளவு பெரிய திரை இருக்கு, மனுஷன் அதத் திரும்பியே பாக்கல. எதையோ கேக்கற மாதிரி தலையச் சாய்ச்சுக்கிட்டு, கடைசி செகண்ட் வரைக்கும் அப்படியே நின்னாரு."