கேட் மூடும்வரை நகராதீர்கள்

எங்கள் தெரு பாதுகாப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் தலைவர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பதால் என் தலையில் விழுந்தது. ஆனாலும் ஜோகன்னஸ்பர்க்கிலேயே என்னைப் போல் உஷாரான ஆள் கிடையாது என்று மனதார நம்பினேன். பல் துலக்கும் முன்பே குழுவில் ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரொட்டி வாங்கக் கிளம்பினேன். என் மனைவி தாண்டேகா நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து, போனை அணைத்துவிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் மட்டும்தான். காரை வெளியே எடுத்துக்கொண்டே குழுவுக்கு ஒரு குரல் செய்தி பேசினேன்: ரிமோட்டை அழுத்தினால் மட்டும் போதாது, கேட் முழுக்க மூடும்வரை வாசலை விட்டு நகராதீர்கள், சிலர் படு அலட்சியம், வெட்கக்கேடு. பேசியதை நானே இன்னொரு முறை கேட்டு ரசித்தேன்.

முதல் திருப்பத்திலேயே பின்னால் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி. ஓட்டியவன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான், ஹாரன் அடித்தான். காரைப் பறிக்கிறவர்கள் நம்மை நிறுத்த வைக்கச் செய்கிற அதே வேலை. இதற்கும் எங்களிடம் விதி உண்டு: துரத்துகிறவனுக்கு வீட்டைக் காட்டாதே, நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போ. தாண்டேகா வேறு வீட்டில் தனியாக இருக்கிறாள். சந்து சந்தாகச் சுற்றினேன், அவனும் சுற்றினான். வண்டி எண்ணைக் குழுவில் சொல்லி, ஆளைப் பார்த்தாலே கொலைகாரன் என்று தெரிகிறது என்றும் சேர்த்தேன்.

போலீஸ் நிலைய வாசலில் அந்தக் கொலைகாரர் மூச்சு வாங்க இறங்கினார். தலை முழுக்க நரை.

"ஐயா, உங்க கேட்டு மூடவே இல்ல. ஆன்னு தெறந்து கெடக்கு. நான் எதிர்வீட்டு மாவூசோ."

புதிதாகக் குடிவந்தவர். குழுவில் சேர்க்கச் சொல்லி தாண்டேகா மூலம் எத்தனையோ முறை கேட்டிருந்தார். ஆள் எப்படி என்று விசாரிக்க வேண்டும் என்று நான்தான் இழுத்தடித்தேன். சேர்த்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

எப்படித் திரும்பி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. சிவப்பு விளக்கு எதற்கும் நான் நிற்கவில்லை. மாவூசோ நின்றிருப்பார், பின்னால் ஆளைக் காணோம்.

திறந்த கேட்டுக்கு நடுவே நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மண்வெட்டி. நான் காரை விட்டு இறங்கியதும் எழுந்து குறுக்கே நின்றார்.

"யாருப்பா நீ?"

"இது என் வீடும்மா. நான் ராடெபே."

"அந்தப் பேருதான் செவத்துலயே எழுதியிருக்கே. யாரு வேணா படிச்சிட்டு வரலாம்."

"தாண்டேகாவோட புருஷன்மா நான்."

"இருக்கலாம். அந்தப் பொண்ணு போறப்ப வர்றப்பல்லாம் நின்னு பேசும். அதோட புருஷன் மூஞ்சிய நாங்க குடிவந்ததுலேர்ந்து நான் பாத்ததே இல்ல. கறுப்புக் கண்ணாடி போட்ட காருதான் போகுது, வருது. எங்க வீட்டுக்காரர் வந்து நீதான்னு சொல்லட்டும். அதுவரைக்கும் அங்கயே நில்லு."

இவரைத் தாண்டி யாரும் உள்ளே போயிருக்க முடியாது; தாண்டேகாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போன உயிர் திரும்பி வந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரிம்மா, நிக்கறேன்," என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாரே தவிர, உட்காரவில்லை.