வளைவில் சாய்ந்த வேன்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் தூறிய மழை விட்டிருந்தது, காற்று இல்லை, பணிமனையின் தகரக் கூரையிலிருந்து மட்டும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் வேன் பழுதுபார்க்கும் குழியின் மேல் நின்றது. குழிக்குள் கைவிளக்கோடு நின்ற மேற்பார்வையாளருக்கு வேனைவிட அதைப் பழுதுபார்த்தவன்மேல்தான் சந்தேகம். அவன் அவளுடைய கணவனின் தம்பி. அதுதான் சங்கடம்.

முந்தின நாள், பாலத்தை ஒட்டிய வளைவில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில், பின்னிருக்கையிலிருந்த முதியவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வளைவில் வண்டி அப்படிச் சாயாமல் பிடித்துக்கொள்வது, இரு சக்கரங்களுக்கும் குறுக்கே கிடக்கும் ஓர் இரும்புக் கம்பி. மெக்கானிக்குகளின் பேச்சில் ஸ்டெபிலைசர் பார். அந்த வேனில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றையும் அசையாமல் கவ்விப் பிடிப்பவை இரண்டு ரப்பர் புஷ்கள். தேய்ந்துபோன நான்கையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டியதாகக் கொழுந்தன் சொல்லி ஆறு வாரம்கூட ஆகவில்லை.

முதலாளி சுருக்கமாகப் பேசினார். புதியதை வெளியே விற்றுவிட்டுப் பழையதையே துடைத்து மாட்டியிருந்தால் அவன் வேலையில் இருக்கக் கூடாது. வியாழக்கிழமைக்குள் அவள் விசாரித்து, முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரன் என்று பார்க்க வேண்டாம் என்பதை இருமுறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது, அவள் பார்ப்பாள் என்றே அவர் நம்புவது தெரிந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லாமலும் இல்லை. கழற்றிய பாகங்களை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவள் வகுத்த விதி. இந்த நான்கும் ஸ்டோருக்கு வரவில்லை. வேலை முடிந்த அன்று மாலை அவன் ஒரு பையோடு பின்வாசல் வழியாகப் போனதை ஸ்டோர்க்காரர் பார்த்திருந்தார். பார்த்ததை இத்தனை நாள் சொல்லாமல் இன்று சொல்வானேன் என்று அவரையும் அவள் சந்தேகித்தாள். ஓட்டுநரோ, யாரும் கேட்பதற்கு முன்பே, தான் வேகமாகப் போகவில்லை என்று பணிமனை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவரையும் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

கொழுந்தனைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

“பழைய புஷ் எங்க தம்பி?”

“எங்கயோ போட்டேன் அண்ணி. ஞாபகமில்ல.”

“புதுசு?”

“வண்டியிலதான். நம்பலேன்னா எழுதிக் குடுத்துடுங்க. வீட்ல நான் உங்க மூஞ்சிய பாக்காமயே சாப்பிட்டுக்கறேன்.”

எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவனுக்கு இது மட்டும் மறந்துபோனதாம். அவள் நம்பவில்லை. ஆனால் ஒன்று இடித்தது. பழைய ரப்பர் காய்ந்து, வெடித்து, கல்லாகும். குழியில் அவள் அழுத்திப் பார்த்த புஷ்ஷோ கனிந்த பழம்போல் அமுங்கியது. விரலில் கறுப்பாக ஒட்டியது.

அன்று மாலை வீட்டில் காபியோடு அமர்ந்தபோது, மாடியில் வாஷிங் மெஷின் ஓடும் மெல்லிய உறுமல் கேட்டது. மாடி கொழுந்தனின் குடித்தனம். முன்பெல்லாம் அந்த மெஷின் துணி பிழியத் தொடங்கினால் கீழ்வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும். அந்த அதிர்வைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. கோப்பையை வைத்துவிட்டு மாடியேறினாள்.

ஓரகத்திக்கு விஷயம் எதுவும் தெரியாது, பெருமையாகவே சொன்னாள். “முன்னாடி இது குளியலறையிலேருந்து கூடத்துக்கே நடந்து வந்துடும். இப்ப பெட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்குக்கா. உங்க கொழுந்தனார்தான் காலுக்கு என்னத்தையோ வச்சாரு.”

மேற்பார்வையாளர் ஈரத்தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். நான்கு கால்களுக்கு நான்கு ரப்பர் புஷ்கள். வெடித்தவை, கல்லாய் இறுகியவை. மாற்ற வேண்டிய பாகத்தை வண்டியிலிருந்து கழற்றும் முன்பே மஞ்சள் வண்ணத்தில் ஒரு புள்ளி வைப்பது அவளுடைய வழக்கம். நான்கிலும் அந்தப் புள்ளி இருந்தது. ஆக, பழையவை வேனுக்குத் திரும்பிப் போகவில்லை. சின்னத் திருட்டை மறைக்கப் போய்ப் பெரிய திருட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

இத்துடன் அவள் சந்தேகம் தீரவில்லை, முகவரியை மாற்றிக்கொண்டது. மாட்டிய புதியவற்றைக் கெடுத்தது யார்?

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பணிமனைக்கு வந்து, டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றாள். ஓட்டுநர் வந்தார். நீளமூக்கு எண்ணெய்க் கேனை எடுத்தார். வேனின் முன்சக்கரத்தருகே படுத்துக் கையை உள்ளே நீட்டினார். அவள் வெளியே வந்து என்ன செய்கிறார் என்று கேட்டாள். அவர் திடுக்கிடவே இல்லை. அவளுக்குத்தான் அது ஏமாற்றமாக இருந்தது.

“இன்ஜின் ஆயில் விடறேன் மேடம். புதுசு மாட்டினதுலேருந்து பள்ளத்துல இறங்கினா கீச்சு கீச்சுங்குது. தினமும் நாலு புஷ்ஷுக்கும் நல்லா ஊத்திடுவேன். இப்ப பாருங்க, மூச்சு விடாது.”

“யார் ஊத்தச் சொன்னது?”

“நீங்கதானே, நோயாளிங்க ஏறுற வண்டியில ஒரு சத்தம் வரக்கூடாதுன்னீங்க.”

பாராட்டை எதிர்பார்த்து நின்றவரிடம், இன்ஜின் ஆயில் அந்த ரப்பரை ஊறவைத்துத் தின்றுவிடும் என்று விளக்கினாள். அவர் கேனைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தப் பெரியவர் விழுந்தது என்னாலயா?”

சத்தம் வருவதைக் கொழுந்தனிடம் சொன்னாரா என்று கேட்டாள். சொன்னாராம், அவன் குனிந்துகூடப் பார்க்காமல், புதுசு, பழகிடும் என்றானாம்.

“நம்ம மூணு பேராலயும்தான்” என்றாள்.

அன்று பிற்பகல் முடிவை எழுதினாள். ஒரு சொல் துல்லியமாக இல்லையென்று தாளைக் கிழித்து மறுபடி எழுதினாள். முதலாளி வாஷிங் மெஷின் என்ற சொல்லில் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்திடும் இடத்தைக் காட்டித் திருப்பித் தந்தார். அவள் கையெழுத்திட்டுக் குழிக்குப் போனாள். கொழுந்தன் புதிய புஷ்களைப் பொருத்தி, ரப்பருக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் தாளை நீட்டினாள். அவன் கையைத் துடைத்தான், நீட்டவில்லை.

“வேலை போச்சா?”

“படிச்சுப் பாரு.”

“உள்குத்து எதுவும் இருக்கா அண்ணி?”

“இருக்கு. மூணாவது வரி. நாளைக்குள்ள பழைய புஷ் நாலும் ஸ்டோருக்கு வந்தாகணும்.”

அவன் கிரீஸ் டப்பாவை மூடினான்.

“மெஷின் மறுபடி நடக்க ஆரம்பிச்சிடுமே.”

“நடக்கட்டும். மேல சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்று சொல்லி, கையெழுத்திட்ட தாளை அவன் கையில் கொடுத்தாள்.