பிஸ்தா பச்சை ரேடியோ

செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தப் பொருளின் மீதும் பற்றில்லாமல் வாழும் ஒரே மனிதன் ஜெபக்குமார். புத்தருக்காவது ஒரு திருவோடு இருந்தது. இவனுக்கு அதுவும் பாரம். இந்த உண்மையை வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காமல், சிறுசேரி ஷட்டில் பஸ்ஸிலும் சலூனிலும் சபை வாசலிலும் அவனே அறிவித்துவிட்டான். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, ஐ.டி. கம்பெனியில் ராத்திரி செக்யூரிட்டி டூட்டி முடித்து வந்து, சாம்பல் நிற யூனிஃபார்மைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றபோதும் கொள்கையில் அவன் தளரவில்லை. எதிர் அலமாரியிலிருந்து மனைவி அன்பரசியின் பதினோரு உண்டியல்களும் அவனைப் பார்த்தன.

எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தியவை. ஆரஞ்சு ராக்கெட், நீல மூக்கு வைத்த பஸ், முதுகில் காசு போடும் மஞ்சள் யானை, அந்தக் காலத்து வங்கிகள் பிள்ளைகளுக்குக் கொடுத்த, புத்தகம் மாதிரியான சிவப்புத் தகரப் பெட்டி. ஒன்றிலும் காசு கிடையாது. செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் அன்பரசி, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் காயலான் கடைகளில் குந்தி உட்கார்ந்து தேடிச் சேர்த்தவை. லீவு நாளில் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் துடைப்பாள்.

"காசு குடுத்து காலி உண்டியல் வாங்கற ஒரே பொம்பள நீதான். அதத் தொடைக்க ஒரு ஞாயித்துக்கெழம வேற" என்பான் ஜெபக்குமார்.

"இந்த வூட்ல செவுரு சாம்பலு, உன் சட்ட சாம்பலு, என் கம்ப்யூட்டரு சாம்பலு. கண்ணுன்னு ஒண்ணு இருக்குதில்ல எனக்கு? அது இன்னாத்தப் பாக்கும்?"

சபையில் போய் இதையே நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அன்றைக்குச் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததை ஆண்டவருக்குப் படைக்கும் நாள். அன்பரசிக்கு அன்றும் டூட்டி. காலையிலேயே போய்விட்டவள் போனில் சொன்னாள்: "காணிக்கைக்கு பூசணிக்கா கீது. மஞ்சப் பையில போட்டு வெச்சிருக்கேன். மறக்காம எடுத்துகினு போ." கதவருகே ஒரு மஞ்சள் பை இருந்தது. எடுத்தான். பூசணிக்காய் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. தூக்கக் கலக்கத்தில் அதை ஆண்டவர் காட்டிய இரக்கமாகவே எடுத்துக்கொண்டான். பையைப் பீடத்தின் முன் குவிந்திருந்த வாழைத்தார், சேவல், முட்டைத் தட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் முழுக்கத் தூங்கினான்.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல காணிக்கைப் பொருள்களின் ஏலம். மைக் பிடித்த சின்னராசு அண்ணன் பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளைப் பிரித்து, ஒரு தகர ரேடியோவைத் தூக்கிக் காட்டினார். பிஸ்தா பச்சை உடம்பு, ஆரஞ்சு முள், தலையில் காசு போடும் கீறல். நாலு வருஷம் தேடி, போன வாரம்தான் அன்பரசிக்குக் கிடைத்த பன்னிரண்டாவது உண்டியல்.

"இது இன்னா பொருள்னு நமக்குத் தெரியல. ஆண்டவருக்குத் தெரியும். ஜெபா குடும்பம் குடுத்தது. நூறு ரூவா, ஒரு தரம்!"

சபை கை தட்டியது. ஜெபக்குமாருக்குத் தூக்கம் போய்விட்டது. பீடத்தில் வைத்ததைத் திரும்பக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். போன வருஷம் தன் சேவலைத் தானே அறுநூறு ரூபாய்க்கு எடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போனவர் உண்டு.

கையைத் தூக்கினான். "எறநூறு."

"பற்றில்லாதவரு கை தூக்கறாருப்பா!" என்று எவனோ கத்த, கூட்டம் சிரித்தது. நாவலூரில் புதிதாக ஃபிளாட் வாங்கியிருந்த ஜோயல், அன்பரசியின் சித்தப்பா மகன், எழுந்து நின்றான்.

"மாமா சபைக்காக ஏத்தி வுடறாரு. நானும் வரேன். ஐந்நூறு!"

ஆயிரம் தாண்டியது. ஆயிரத்து ஐந்நூறு. ஜெபக்குமார் கூவக் கூவ ஜோயல் இன்னும் உற்சாகமானான். "டேய், அது உங்க அக்காவோடது." இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், ஏலம் நின்றிருக்கும். அதைச் சொன்னால் கூட்டம் இன்னொரு முறை சிரிக்கும். ஆயிரத்து எண்ணூறு வரை போனான். ஜோயல் இரண்டாயிரம் என்றான். சின்னராசு அண்ணன் மூன்று தரமும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வந்த அன்பரசி சமையலறையில் இன்னொரு மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"பூசணிக்கா இங்க கீது. அப்ப அங்க இன்னா போச்சு?"

சொன்னான். அவள் கத்துவாள் என்று தயாராக நின்றான். அவள் கைப்பையைக்கூட இறக்காமல் பாயில் உட்கார்ந்தாள்.

"மூடி ஆடுதுன்னு பத்த வெக்க எடுத்து வெச்சேன்" என்றாள். பிறகு, "ஜோயல்தானே? உங்க அக்காவுதுடான்னா குடுத்திருப்பானே. ஏன் சொல்லல?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் அவன் டூட்டி முடிந்து வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, மேலே ஒட்டும் நாடா. "வர்ற வருஷம் எல்லாத்தையும் ஏலத்துக்குக் குடுத்துடலாம். தொடைக்கற வேல மிச்சம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அன்றும் மறுநாளும் பகலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருப்பதாக ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் தோன்றியது.

புதன்கிழமை டூட்டி முடிந்து நாவலூரில் இறங்கி, ஒன்பதாவது மாடிக்குப் போனான். கதவைத் திறந்த ஜோயலிடம், ரேடியோ எங்கே என்று கேட்டான்.

"மாமா! அதுக்காகவா வந்தீங்க? ஹால் ஃபுல்லா ஒயிட் தீம். இது மட்டும் பச்சையா பல்ல இளிச்சிகினு இருந்துச்சி. ஸ்பிரே அடிச்சிட்டேன்."

டிவிக்குப் பக்கத்தில், மாவுக்கட்டு போட்ட கை மாதிரி ரேடியோ நின்றது. முள்ளும் வெள்ளை.

"இது உங்க அக்காவோடதுடா."

ஜோயலின் முகம் விழுந்தது. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொல்லியிருக்கலாம்."

"எடுத்துகினு போங்க. துட்டெல்லாம் வேணாம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. உடம்பு மொத்தமும் தூக்கத்துக்குக் கெஞ்சியது. கேளம்பாக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது, ரேடியோவை மடியில் வைத்து, ஓரமாகக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தான். ஒரு செதில் உதிர்ந்தது. அழுத்தினால் அடியிலிருக்கும் நிறமும் சேர்ந்து வந்துவிடும் என்று விரலுக்கே தெரிந்தது. கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தான்.

போன் அடித்தது. "எங்க கீற? இவ்ளோ நேரமா?"

"வந்துகினு கீறேன்."

"குரலு ஒரு மாதிரி கீது. இன்னா பண்ணிகினு கீற?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா அது?"

"உண்டியல்."

"உள்ள காசு கீதா?"

"இல்லம்மா."

அவள் அவனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சாம்பல் பேன்ட் முழுக்க வெள்ளைத் தூள். திருப்போரூர் திருப்பத்தில் வெயில் ஜன்னலுக்குள் சாய்ந்தது. அவன் குனிந்து ஊதினான். வெள்ளை விலகிய இடத்தில், ஒரு துவரம்பருப்பு அளவுக்கு, பச்சை.