பஞ்சமில்லாத ஊர்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊரான பிந்தாரியில் இனி டாக்டர் பஞ்சம் இல்லை என்று தலைநகரத்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் வாழ்த்துச் சொன்னபோது, கிளெனிஸுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஊரின் ஒரே கிளினிக்கில், வாசல் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் அவள்.

"இங்க எத்தனை டாக்டர்னு தெரியுமா உனக்கு? ஒருத்தி. ஒரே ஒருத்தி!"

"எத்தனை பேருக்கு வைத்தியம் நடக்குதுன்னுதான் நாங்க பார்ப்போம் மேடம். தலைக்கு இத்தனை தடவை டாக்டரைப் பார்த்தாங்கன்னு போட்டா உங்க ஊர் பிரிஸ்பேனுக்குச் சமமா வருது."

வராமல் என்ன செய்யும்? டாக்டர் மெர்வத் மதியச் சாப்பாட்டை நின்றபடியே விழுங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறப்பாள். எகிப்தில் படித்துவிட்டு வந்தவள். வெளிநாட்டில் படித்தவர்கள் பத்து வருஷம் டாக்டர் பஞ்சமுள்ள ஊர்களில்தான் கிடக்க வேண்டும் என்பது சட்டம். உள்நாட்டில் படித்த மகராசர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் கடற்கரை நகரங்களை விட்டு நகரமாட்டார்கள். மெர்வத்தின் கணவன் ஹானியும் எகிப்தில் படித்த டாக்டர்தான். அவனுக்கு வாய்த்த ஊர் இங்கிருந்து இரண்டு நாள் கார்ப் பயணம். மூன்று வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அடுத்த மாதம் அவன் பிந்தாரிக்கு இரண்டாவது டாக்டராக வருவதாக இருந்தது. பஞ்சமில்லாத ஊருக்கு இனி அவனை விடமாட்டார்களாம்.

"அப்போ எங்க டாக்டரம்மா சோம்பேறியா இருந்திருந்தா அவங்க புருஷன் வந்திருப்பாரு. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். அடுத்த வருஷம் கணக்கை மறுபடி பார்ப்போம்."

அன்று மாலை பாரில் கிளெனிஸ் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"காய்ச்சலா? இழுத்துப் போர்த்திப் படுங்க. இடுப்பு வலியா? இன்னொரு பீர் குடிங்க. இந்த வருஷம் எவனும் கிளினிக் பக்கம் தலை காட்டக் கூடாது. கணக்கு விழணும், ஹானி வரணும்!"

ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்த கிளாரி முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். "உன் மூஞ்சியைப் பார்க்காம இருக்கறதே பாதி வைத்தியம்டீ!" பார் அதிரச் சிரித்தது.

"இது பைத்தியக்காரத்தனம் கிளெனிஸ்," என்றாள் மெர்வத் மறுநாள். ஆனால் நிறுத்து என்று சொல்லவில்லை. அவளுக்கும் ஆசை இருக்காதா? நோயாளிகள் உட்காரும் அறை வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு முற்பகல், கிளினிக் வாசலில் கிளாரியின் வண்டி எஞ்சின் ஓடியபடியே நின்றது. திட்டலாம் என்று கிளெனிஸ் வெளியே போனாள். கிளாரி ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"யோவ்! உள்ள வராம இங்க என்னய்யா பண்ற?"

"வந்தா கணக்குல ஏறிடும்ல... சும்மா பக்கத்துல இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்னு..."

கிளெனிஸ் போட்ட கூச்சலில் மெர்வத் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். இருவருமாக அவனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். மெர்வத் ஊசி போட்டாள், நெஞ்சை அமுக்கினாள், ஆம்புலன்ஸ் விமானம் வரும்வரை அவன் கையை விடவேயில்லை. பிழைத்துக்கொண்டான்.

விமானம் போனதும் மெர்வத் மேசை முன் வந்து நின்றாள்.

"அவர் பேரைப் பதி."

"ஒரு ஆளுதானே டாக்டரம்மா, விட்டுடுவோமே."

"பதி! நாளையிலேருந்து எல்லாரையும் வரச் சொல்லு. நெஞ்சு வலியை வாசல்ல நிறுத்தி வெச்சுத்தான் என் புருஷன் எனக்குக் கிடைக்கணும்னா, வேண்டாம்."

கிளெனிஸ் பதிந்தாள். அந்தக் கிழவனின் உயிரைக் காப்பாற்றியதுகூட இந்த ஊருக்கு இன்னொரு டாக்டர் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிறதே என்று வயிறெரிந்தது.

"என்னோட பத்து வருஷம் வர்ற மார்ச்சோட முடியுது," என்றாள் மெர்வத், தாழ்ந்த குரலில். "அப்புறம் என்னை யாரும் கட்டிப்போட முடியாது. நான் ஹானிகிட்டயே போயிடறேன். என் மேல கோபப்படாத."

காலைப் பிடித்துக் கெஞ்சியாவது நிறுத்த வேண்டும் போலிருந்தது கிளெனிஸுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போங்க டாக்டரம்மா. நானே பெட்டி கட்டித் தரேன். நீங்க போனாத்தான் இங்க ஒரு டாக்டர்கூட இல்லைன்னு அவனுங்க கண்ணுக்குத் தெரியும்."