பறை காய்ச்சிய ஹீட்டர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் ஜீனத்துன்னிசாவுக்குக் கல்யாணம் என்றால் உயிர். வெள்ளிமலையில் டீக்கடை நடத்தும் ராஜாம்பாள் தன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிட்டதும், கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் காலை முதல் பஸ்ஸிலேயே மலையேறிவிட்டாள். தை மாதக் குளிர். போதாததற்கு, யாரும் நினைக்காத மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

வாசலிலேயே ராஜாம்பாள் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா! நல்லா வித்தீங்க பொட்டிய! எரிஞ்சிக்கினேதான் இருக்குது, வூடு சூடே ஆவல."

போன வாரம் அவள் வாங்கிப்போன இன்ஃப்ராரெட் ஹீட்டரைத்தான் சொன்னாள். ஜீனத் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு கம்பியும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. ஆனால் ஹீட்டர் சுவரைப் பார்த்து நின்றது.

"இன்னாம்மா இப்படி வெச்சிருக்க?"

"கண்ணு கூசுதுன்னு திருப்பி வெச்சேன்."

ஜீனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹீட்டரை ராஜாம்பாள் பக்கம் திருப்பினாள். "இது காத்த சூடாக்கற மெஷின் இல்லம்மா. வெயில் மாதிரி. எதிர்ல எது இருக்குதோ அதத்தான் சூடாக்கும். ஒரு வாரமா உன் செவுருதான் குளிர் காஞ்சிக்கினு இருந்திருக்குது."

ராஜாம்பாள் முகத்தில் இதமான சூடு பட்டது. "அட, ஆமாக்கா!" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வடக்கனந்தலிலிருந்து பறை அடிப்பவர்களை ஏற்றிவந்த வேன் வந்து நின்றது. மேலே தார்ப்பாய் இல்லை. ஆட்களும் நனைந்திருந்தார்கள், பறைகளும் நனைந்திருந்தன. குழுவின் தலைவர் வேடியப்பன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஈரத் துணியை அடித்தாற்போல் 'தொப்'பென்றது. தோல் தொங்கிப்போயிருந்தது.

"வைக்கோல் குடுங்கம்மா, தீ மூட்டிக் காய்ச்சிக்கிறோம்" என்றார்.

வைக்கோலும் விறகும் மழையில் ஊறிக் கிடந்தன. சமையலே கேஸ் அடுப்பில்தான் நடந்தது. மாப்பிள்ளை ஜீப் மலையடிவாரம் தாண்டிவிட்டதாக போன் வந்தது. ராஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மோளமில்லாம எப்பிடிக்கா மாப்ளைய அழைக்கறது?"

ஜீனத் திரும்பி ஹீட்டரைப் பார்த்தாள். வெயில் மாதிரி என்று இப்போதுதானே சொன்னோம்!

"அத வெளிய தூக்கு!"

"வெளியவா? காத்து அடிக்குதேக்கா."

"அடிக்கட்டும். காத்து சூடானாத்தானே அந்த சூட்ட அடிச்சிக்கினு போவும்? இது நேரா தோலு மேல வுழும்."

ஜீனத் இடம் பார்த்தாள். பந்தல் துணி படாத, சாரல் எட்டாத தாழ்வாரத்தின் உள்மூலையில் ஹீட்டரை வைத்தாள். யாரோ நீட்டிய மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயரை ஒதுக்கிவிட்டு, சுவர் பிளக்கிலேயே செருகினாள். கரண்ட் போதாமல், உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் சத்தம் சட்டென்று இறங்கியது. "கிரைண்டர நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

வேடியப்பன் முதல் பறையை எட்டவே பிடித்தார். கம்பிகளின் சிவப்பு தோலில் விழுந்தது. அவர் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார், சுற்றினார், மறுபடி தொட்டார்.

"பக்கத்துல போயிடாதீங்கண்ணே, தோலு வெடிச்சிடப் போவுது."

"தெரியும்மா. ஆனா இதுல பொகையே இல்லியே!" என்று சிரித்தார். "கண்ணு எரியாம பறை காய்ச்சறது இன்னிக்குத்தான்."

தோலிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது. விரலால் சுண்டினார். 'தொம்'மென்றது. இன்னும் கொஞ்சம் காட்டினார். அடுத்த தடவை சுண்டியதும் 'கணீர்'! தாழ்வாரத்தில் நின்ற அத்தனை பேரும் 'ஓ'வென்று கத்தினார்கள். பறைகள் ஒவ்வொன்றாக ஹீட்டர் முன்னால் வந்தன. முறைக்குக் காத்திருந்தவர்கள் தங்கள் ஈரக் கைகளையும் ஓரமாக நீட்டிக்கொண்டார்கள்.

ஜீப் வளைவு திரும்பியபோது மழை தூறலாகிவிட்டிருந்தது. பறைகளில் அடி விழுந்தது. மலை அதைத் திருப்பிச் சொன்னது. இறங்கிய மாப்பிள்ளை பச்சமுத்து ஆரத்தித் தட்டைப் பார்க்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஆட்டத்தில் குதித்துவிட்டான். "எப்பா, மொதல்ல ஆரத்தி!" என்று அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கல்யாணப்பெண், வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராஜாம்பாள் ஜீனத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா!"

"எனக்கு மட்டும் தெரியுமா? வாங்கக்கா!"

ஜீனத் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தூறலில் இறங்கினாள்.